இதர வருமானம்

ஆலடி ரோட்டில் இருக்கும் அந்த வீட்டைப் பார்த்தவர்கள் யாரும் அமீர் நிஷாவுக்குக் கடன் கொடுத்ததில்லை. அவள் கேட்டால் சிரிப்பார்கள். வசதியானவர்கள் இப்படித்தான் விளையாட்டாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

வீடு அப்படி இருந்தது. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. வாசலில் கார் நிறுத்துகிற மண்டபம்; கார் கிடையாது. அவளுடைய கணவர் அமீனுதீன் குவைத்தில் ஓர் அரபியிடம் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினார். அந்த அரபியின் வீட்டுக் கூடத்தின் நடுவிலிருந்து ஒரு மாடிப்படி வளைந்து மேலே போகும். அமீனுதீன் அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. டிரைவருக்கு மாடியில் வேலை இல்லை. கீழே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் நன்றாகப் பார்த்து வைத்திருந்தார். விருத்தாசலத்தில் சொந்த வீடு கட்டியபோது அதே படியை, அதே வளைவோடு, கூடத்தின் நடுவில் வைத்தார். மேலே இரண்டு அறைகள், ஒரு குளியலறை. குளியலறையில் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. அந்தத் தொட்டியில் இதுவரை யாரும் குளித்ததில்லை. ஒரு ஆளுக்காக அவ்வளவு தண்ணீரைக் கொட்ட அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. அதில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்.

வீடு முடிந்ததும் அமீனுதீன் குவைத்தை விட்டு நிரந்தரமாக வந்தார். பதினான்கு மாதம் அந்தப் படியில் ஏறி இறங்கினார். மேலே ஒரு வேலையும் இருக்காது. ஏறுவார், ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்ப்பார், இறங்குவார். பிறகு ஒரு நாள் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் போனார். வீடு அமீர் நிஷாவின் பெயரில் இருந்தது. வீட்டைத் தவிர வேறெதுவும் யார் பெயரிலும் இல்லை.

அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்தாள். விசாரிக்க வந்தவர் வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி குடுங்கம்மா" என்றார். குடித்துவிட்டுப் போய்விட்டார். ரமலான் மாதம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வீடு வாரியாக நாள் பிரிப்பார்கள். ஒரு நாள் கஞ்சிச் செலவு முழுவதையும் ஏற்கிற வசதி பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் உண்டு. அந்தப் பட்டியலில் அமீர் நிஷாவின் வீடு மூன்றாவதாக இருந்தது. அவளும் மறுக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக இரண்டு மாதம் முன்பிருந்தே கூடுதலாகத் தைப்பாள். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ஓரம் அடிப்பதும்தான் அவள் தொழில். மாதம் இரண்டாயிரம் ரூபாய் வரும். மகள் யாஸ்மின் கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம் படித்தாள்.

அமீனுதீனின் தம்பி உஸ்மான் பாலக்கரையில் செருப்புக் கடை வைத்திருந்தார். மாதா மாதம் ஒரு சிப்பம் அரிசி அனுப்பிவிடுவார். நல்ல மனிதர். தீபாவளி முடிந்த வாரம் அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"அண்ணி, வேப்பூர் ஹைவேல ஹோட்டல் வச்சிருக்கறவரு ஒருத்தரு வூட்டக் கேக்கறாரு. நாப்பது லட்சம். அடுத்த வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு அட்வான்ஸோட வரேங்கறாரு."

"வித்துட்டு நாங்க எங்க போறது தம்பி?"

"எங்க வூட்டுப் பின்னாடி ரூமு சும்மாத்தான் கெடக்குது. பணத்த பேங்குல போட்டுட்டு நிம்மதியா இருங்க. இந்த வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவே உங்க வருமானம் பத்தாது."

அது உண்மை. அமீர் நிஷா படியைப் பார்த்தாள். அமீனுதீன் கைப்பிடியில் கை வைத்துத் தேய்ந்த இடம் ஒன்று இருந்தது. பதினான்கு மாதத்தில் மரம் அப்படித் தேயாது. ஆனால் அவளுக்கு அது தெரிந்தது.

"வெளிய ஒரு படி கட்டுனா மாடிய வாடகைக்கு வுட்டுடலாம் தம்பி. இப்ப யாரு வந்தாலும் எங்க கூடத்து வழியாதான் ஏறணும். பொம்பளப் புள்ள இருக்கற வூடு. வெளிய படி இருந்தா நாலு காசு வரும். நாங்க இங்கயே இருந்துக்குவோம்."

"படிக்கு எவ்ளோ ஆவும்?"

"நிலவன் கொத்தனாரு பாத்தாரு. ஒரு லட்சத்து எம்பதுன்னாரு."

உஸ்மானுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "பேங்குல கேட்டுப் பாருங்க அண்ணி. வெள்ளிக்கிழமைக்குள்ள கெடச்சா நான் வேப்பூர்க்காரருக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அதைச் செய்தார்.

வட்டிக்கு வாங்கலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் அமீர் நிஷா கேட்கவில்லை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நேராக அல்லாவிடமே துஆ கேட்டாள். "யா அல்லா, இந்தக் கடன் எனக்கு நல்லதுன்னா லேசாக்கிக் குடு. கெடுதின்னா என் பக்கமே வரவுடாம பண்ணிடு." கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

வங்கியில் கடன் பிரிவில் யுவஸ்ரீ என்ற பெண் இருந்தாள். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எல்லாத் தாளையும் முழுதாகப் படித்தாள்.

"வூடு உங்க பேர்ல இருக்குது. பட்டா சரியா இருக்குது. வில்லங்கம் ஒண்ணும் இல்ல. மாச வருமானம் எவ்ளோம்மா?"

"அதுக்குத்தாம்மா கடன் கேக்கறேன்."

"வருமானம் இருந்தாதாம்மா கடன்."

"படி கட்டுனா வாடகை வரும். அது வருமானந்தான?"

"அது கட்டுனதுக்கப்பறம். கட்டறதுக்கு முன்னாடி வருமானம் இருக்கணும்."

"கட்டறதுக்கு முன்னாடியே வருமானம் இருந்தா நான் எதுக்கும்மா படி கட்டறேன்?"

யுவஸ்ரீ பேனாவைக் கீழே வைத்தாள். பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை. "வருமானத்துக்கு ஏதாவது சான்று இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

இருந்தது. அமீர் நிஷா பையிலிருந்து வருமானச் சான்றிதழை எடுத்துப் பெருமையோடு நீட்டினாள். கெட்டுப்போகாமல் இருக்க லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஆண்டு வருமானம் இருபத்தி நான்காயிரம் என்று அதில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

யுவஸ்ரீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்குனதும்மா. அதுவுமில்லாம, இது கம்மியா இருக்குதுன்னு காட்டறதுக்கு வாங்கறது. இங்க நெறைய இருக்குதுன்னு காட்டணும்."

அமீர் நிஷாவுக்கு முகம் சிவந்தது. இந்த ஊரில் யாரும் வருமானச் சான்றிதழை அதிகம் காட்டுவதற்காக வாங்கியதில்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

யுவஸ்ரீ விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாக நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாள்.

அந்தச் சான்றிதழ் வாங்கிய நாள் அமீர் நிஷாவுக்கு நன்றாக நினைவிருந்தது. யாஸ்மின் ஆறாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் வருஷம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள் என்றார்கள். அப்போதிருந்த கிராம நிர்வாக அலுவலர் தலையை நிமிர்த்தாமல், "இருவத்தி நாலு போட்டுடட்டுமா?" என்று கேட்டார். "போடுங்க" என்றாள். குவைத்திலிருந்து மாதம் இருபத்தைந்தாயிரம் வந்துகொண்டிருந்த காலம். அந்த ஆயிரம் ரூபாயில் யாஸ்மினுக்கு ஒரு புத்தகப்பையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. மாதம் இரண்டாயிரம். பன்னிரண்டு மாதத்துக்கு இருபத்தி நான்காயிரம். ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, ஒரு ரூபாய் குறைவும் இல்லை. அன்றைக்கு எழுதிக் கேட்டதை அல்லா கணக்குப் பிசகாமல் கொடுத்திருக்கிறான்.

சாயங்காலம் உஸ்மான் வந்தார். விவரம் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் அண்ணி மலைக்கிறீங்க? நம்ம அஃப்தாப்பு ஜங்ஷன்ல ஆன்லைன் சென்டரு வச்சிருக்கான்ல? தையக் கட வச்சு வருஷம் அஞ்சு லட்சம் சம்பாதிக்கறதா ரிட்டர்ன் போட்டுத் தருவான். ஊர்ல பாதிப் பேரு அப்புடித்தான் வாங்கறாங்க" என்றார்.

"வேணாம் தம்பி. ஒரு தடவ பொய் எழுதிக் குடுத்து அது அப்புடியே பலிச்சுப் போச்சு."

அவள் சான்றிதழ் கதையைச் சொன்னாள். உஸ்மான் தாடியைத் தடவியபடி கேட்டார். அவர் வியாபாரி. எதிலும் மறுபக்கத்தைப் பார்ப்பவர்.

"அப்ப இதுவும் பலிக்கட்டுமே அண்ணி. அஞ்சு லட்சந்தான?"

யாஸ்மின் அடுப்படியில் சிரித்துவிட்டாள். அமீர் நிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "கம்மியாச் சொன்னதக் குடுத்தான். கூடச் சொன்னா அதையும் குடுப்பானான்னு சோதிச்சுப் பாக்கறது மரியாதை இல்ல தம்பி. உள்ளத எழுதறேன். வந்தா வரட்டும்."

மறுநாள் யாஸ்மின் கல்லூரிக்குப் போனதும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர், வயது, சொத்து விவரம் எல்லாம் எழுதினாள். தொழில் வருமானம் என்ற இடத்தில் மாதம் இரண்டாயிரம் என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. இதர வருமானம் என்று போட்டிருந்தது.

அமீர் நிஷா யோசித்தாள். இரண்டாயிரத்தில் தாயும் மகளும் ஒரு மாதம் சாப்பிட முடியாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியானால் வேறு எங்கிருந்தோ வருகிறது. வருவதை மறைத்தால் அதுவும் பொய்தான். ஏற்கனவே குறைத்து எழுதிப் பட்டது போதும்.

கட்டம் சின்னதாக இருந்ததால் தனித் தாள் எடுத்து, மேலே 'இதர வருமானம்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினாள். கொழுந்தன் உஸ்மான், மாதம் ஒரு சிப்பம் அரிசி. பக்கத்து வீட்டு நஸீமா, வெள்ளிக்கிழமை தோறும் கறிக்குழம்பு ஒரு கிண்ணம். பெருநாள் என்றால் இரண்டு கிண்ணம். பால்காரர் பழமலை அரை லிட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் லிட்டர் ஊற்றுகிறார். கேட்டால் அளவு அப்படித்தான் என்கிறார். நிலவன் கொத்தனார் போன மழைக்கு ஒழுகிய இடத்தைப் பூசிக்கொடுத்துவிட்டு டீ மட்டும் குடித்தார். கல்லூரி ஆசிரியை கனிமொழி, யாஸ்மினுக்குப் பழைய புத்தகங்கள். செராமிக் தொழில் செய்யும் கலியபெருமாள் குடும்பம், மாடி அறைகளில் பெட்டிகள் வைத்திருப்பதற்காகக் கார்த்திகைக்கு இருபத்தைந்து அகல் விளக்கும் பொரி உருண்டையும். எதிர்வீட்டுக்காரர்கள், நான் வெளியே போயிருக்கும்போது மழை வந்தால் காயப்போட்ட துணியை எடுத்து வைப்பார்கள். இதற்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை.

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தாளின் அடி வந்துவிட்டதால் நிறுத்தினாள். தன் வருமானம் இவ்வளவு என்று அவளே அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை யுவஸ்ரீ அந்தத் தாளைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு எழுந்து மேலாளர் அன்புச்செல்வனின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவர் படிப்பது அமீர் நிஷாவுக்குத் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவளை உள்ளே கூப்பிட்டார்.

"இருவத்தாறு வருஷமா பேங்குல இருக்கறேம்மா. இந்தக் கட்டத்துல எல்லாரும் கோடு போட்டுட்டுப் போயிடுவாங்க. ஒருத்தரும் இப்புடி நெரப்பிப் பாத்தது இல்ல."

"தப்பாப் போட்டுட்டேனா சார்?"

"தப்பு இல்லம்மா. ஆனா கறிக்குழம்ப வச்சுக் கடன் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு படிவத்தின் மேல் 'வருமானம் போதாது' என்று சிவப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாம் ஒரு துஆவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அமீர் நிஷாவுக்கும் அப்போது அது தோன்றவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

வெளியே யுவஸ்ரீ எல்லாத் தாளையும் மழையில் நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தக் கலியபெருமாள் எவ்ளோ பெட்டி வச்சிருக்காரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு ரூமு நெறைய."

"எத்தன வருஷமா?"

"ஒரு மாசம் வச்சுக்கறேன்னு சொன்னாரு. மூணு வருஷம் ஆச்சு."

"அது இதர வருமானம் இல்லம்மா. வாடகை வருமானம்." யுவஸ்ரீ பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். "வாடகை கேளுங்க. ஒப்பந்தம் எழுதுங்க."

"வச்சுக்கோங்கன்னு சொன்ன வாயால வாடகை கேக்கச் சொல்றியாம்மா? நல்லாருக்குதே."

யுவஸ்ரீ பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் உஸ்மான் போன் செய்தார். வேப்பூர்க்காரர் நாளைக்கு மாடியையும் பார்க்க வேண்டும் என்கிறாராம். காலியாக இருந்தால் நல்லதாம். அமீர் நிஷா கலியபெருமாளுக்குச் சொல்லி அனுப்பினாள். மத்தியானம் அவரும் மனைவி சிவகாமசுந்தரியும் டாட்டா ஏஸ் வண்டியோடு வந்தார்கள்.

கலியபெருமாளுக்கு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை இருந்தது. பீங்கான் அகல்கள் செய்து பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புவார். கொட்டகை சூளைக்கே சரியாக இருந்ததால் செய்ததை வைக்க இடம் கிடையாது.

"திடீர்னு எடுக்கச் சொல்லிட்டீங்களே பாயம்மா? நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லிங்க. வூட்ட விக்கறோம்."

"இந்த வூட்டயா? நீங்களா?" கலியபெருமாள் நம்பவில்லை. "பெருசா வேற எங்கயாச்சும் வாங்கறீங்களா?"

அமீர் நிஷா மாடியைக் கைகாட்டினாள். அவர் மேலே போய்ப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். படிக்கட்டின் கீழே நின்ற சிவகாமசுந்தரி, "குறிச்சுக்க ஒரு தாளு குடுங்கக்கா" என்றாள். எழுதாத தாளை வீணாக்குகிற பழக்கம் அமீர் நிஷாவுக்கு இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்த ஒரு தாளை பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக் கொடுத்தாள். உறையைப் படியிலேயே வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

"சின்ன அகல் பதினாலு பெட்டி!" என்று மேலிருந்து குரல் வந்தது. சிவகாமசுந்தரி எழுதினாள். "அடுக்கு அகல் ஒம்பது!" எழுதினாள். "யான அகல் ஆறு!"

எழுதவில்லை.

"ஆறு பெட்டின்னேன், காதுல வுழுந்துதா?"

அவள் தாளைத் திருப்பியிருந்தாள். பென்சில் டிக் போட்ட வரியில் தன் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அந்த வரியைப் படித்தாள். பிறகு மேலிருந்து கீழ் வரை எல்லா வரியையும் படித்தாள். படித்துவிட்டு அந்த வளைந்த படியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கீழ எறங்கி வாய்யா" என்றாள்.

கலியபெருமாள் வந்தார். அவள் வாசித்துக் காட்டினாள். அவர் நின்றபடி கேட்டார். கடைசியில் படிவத்தின் சிவப்பு எழுத்தையும் உறைக்குள் பார்த்துவிட்டார்.

அமீர் நிஷா டீயோடு வந்தபோது இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாயம்மா, உங்களுக்குப் பணம் கொட்டிக் கெடக்குதுன்னுல்ல நாங்க நெனச்சிருந்தோம்" என்றார் கலியபெருமாள். "வாடகன்னு பேச்செடுத்தா, எங்களப் பாத்தா வாடகைக்கு வுடறவங்க மாதிரியா இருக்குதுன்னு கோச்சுக்குவீங்களோன்னு பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. ஜங்ஷன் பக்கம் பேக்கிங்குக்கு ஒரு எடம் பாத்து வச்சிருக்கறேன். ஏழாயிரம் கேக்கறான். அத உங்களுக்கே குடுத்துடறேன். மாடி முழுசும் நாங்களே எடுத்துக்கறோம்."

"ஏழாயிரமா? இந்தக் கோடியில ரெண்டு ரூமுக்கு யாரு குடுப்பாங்க? மூணு குடுங்க போதும்."

"ஆறாவது வாங்கிக்கணும்."

"மூணரை."

"அம்மா," என்றாள் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற யாஸ்மின், "குடுக்கறவரு ஏத்தறாரு, வாங்கறவங்க எறக்கறீங்க. இப்புடி யாவாரம் பண்ணா விடிஞ்சாலும் முடியாது. அஞ்சுன்னு வச்சுக்கங்க."

ஐந்து என்று முடிந்தது. மூன்று வருஷப் பாக்கியையும் தருகிறேன் என்றார் கலியபெருமாள். அதற்கு மட்டும் அமீர் நிஷா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அது வச்சுக்கோங்கன்னு சொன்ன காலம். சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

"பேக்கிங்குக்கு ஆறு பொம்பளைங்க வருவாங்கக்கா" என்றாள் சிவகாமசுந்தரி. "கூடத்து வழியாத்தான் ஏறணும். பரவால்லியா?"

"பொம்பளைங்கதான? செருப்ப வாசல்ல வுட்டுட்டு வரட்டும்."

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்ப் படி அந்த ஒரு வாக்கியத்தில் தேவையில்லாமல் போனது. அமீர் நிஷாவுக்கு அன்று லுஹர் தொழுகையில் கேட்ட துஆ நினைவுக்கு வந்தது. என் பக்கமே வரவிடாமல் பண்ணிவிடு என்று கேட்டாளே. வங்கிக்காரர் டீயெல்லாம் கொடுத்து எவ்வளவு மரியாதையாகத் தடுத்து அனுப்பினார்.

மறுநாள் ஜும்மா முடிந்து உஸ்மான் வேப்பூர்க்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடத்தின் நடுவே பெண்கள் கூடைகளோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அமீனுதீன் கை வைக்கிற இடத்தில் கை வைத்து ஏறினாள். மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெங்காயத்தை எடுத்துவிட்டு அந்தக் குளியல் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். விரிசல் விட்ட அகலைத் தண்ணீரில் போட்டால் குமிழி விடுமாம். இருநூறு அகல் ஒரே நேரத்தில் அதில் குளித்துக்கொண்டிருந்தன.

வேப்பூர்க்காரர் படியைப் பார்த்தார். "இது என்னாங்க, கூடத்து நடுவுல படி? இத இடிச்சுட்டு லிஃப்டுதான் வெக்கணும்" என்றார்.

"வூடு விக்கலிங்க" என்றாள் அமீர் நிஷா. "சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் போனபின் உஸ்மான் விவரம் முழுவதையும் கேட்டார். "மாசம் அஞ்சாயிரத்துக்காக நாப்பது லட்சத்த வுட்டுட்டீங்களே அண்ணி" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை. தம் வீட்டுப் பின்னறையில் செருப்புப் பெட்டிகளை வைத்திருந்தார். அவற்றை எங்கே மாற்றுவது என்று ஒரு வாரமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தார். எழுந்து கிளம்பும்போது கேட்டார். "அப்ப இனிமே அரிசி வேணாமா?"

"அரிசி வேணும் தம்பி. அது இதர வருமானம்."

கார்த்திகை வந்தது. போனது. மார்கழியில் யாஸ்மினின் கல்லூரி உதவித்தொகைக்குப் புது வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அமீர் நிஷா கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். இவர் புதியவர். மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது.

"வருஷ வருமானம் எவ்ளோம்மா? எழுவத்திரெண்டுன்னு போட்டுடட்டுமா? எல்லாத்துக்கும் செல்லும்."

"எம்பத்தி நாலாயிரங்க சார்."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "இங்க வர்றவங்க எல்லாம் கொறச்சுப் போடுங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க கூட்டிச் சொல்றீங்க. எம்பத்தி நாலுன்னா சிலது கெடைக்காமப் போவும்மா."

"பரவால்லிங்க. உள்ளதப் போடுங்க."

"ஏம்மா?"

அமீர் நிஷா கொஞ்சம் தயங்கினாள். படித்த மனிதர் சிரிப்பாரோ என்று நினைத்தாள். ஆனாலும் கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

"போட்டது பலிச்சிடுதுங்க சார்."

அவர் கையை மறுபடி கீபோர்டில் வைத்தார். பிறகு எண்பத்தி நான்காயிரம் என்று அடித்தார். திரையில் அடுத்த கட்டம் வந்தது. அதைப் படித்துவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற குரலில், "இதர வருமானம் ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

அமீர் நிஷா பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.